அரை நாள் ஆள்: ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெர்லினில் இருக்கும் பன்டெஸ்டாக் உறுப்பினர்கள் 630 பேருக்கும் வணக்கம்.

தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பவுண்டரிக்குள் நுழைகிறேன். பத்து மணிக்கு வெளியே வந்துவிடுகிறேன். மணலில் கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விடுவதற்கான மணல் அச்சு) அடிப்பதும், அதற்கு மேல்பூச்சு பூசிக் காயவைப்பதும் அங்கே காலை வேலை. உருகிய இரும்பை ஊற்ற ஆரம்பிப்பது பத்தரைக்கு மேல். வார்ப்பில் ஏன் ஓட்டை விழுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். அதற்குக் கோரையும் பார்க்க வேண்டும், ஊற்றுவதையும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் நேரத்தை மாற்றிக்கொண்டு மதியம் போனேன். ஊற்றுவதைப் பார்த்தேன், காலையில் கோருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. மறுபடி காலைக்கே திரும்பிவிட்டேன். வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம்தான் எனக்கு அனுமதி. அந்தச் சராசரிக்கு மேல் போனால் நானும் முதலாளியும் சட்டத்தை மீறியவர்கள் ஆவோம். அந்தச் சட்டம் நீங்கள் இயற்றியது.

இந்த மடலை ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கலாம். ஏ1 முதல் சி2 வரையான ஆறு மொழிப் படிகளில் மூன்றாவதான பி1 தேர்வு முடித்திருக்கிறேன். ஆனால் பி1 ஜெர்மனில் ஒருவன் கோபப்பட்டால், கடையில் மிட்டாய் கேட்டு அழும் பிள்ளை மாதிரி இருக்கிறது. அதோடு, உங்கள் ஆப்பர்ச்சூனிட்டி கார்டை (ஜெர்மனிக்குள் வந்து வேலை தேட விடும் அட்டை) நம்பிக் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் நகையை அடகு வைக்க யோசித்துக்கொண்டிருக்கும் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்க உங்களிடம் ஆள் இருப்பார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 23 அன்று பன்டெஸ்டாக் நிறைவேற்றிய திறன்பணியாளர் குடியேற்றச் சட்டத் திருத்தம் நல்ல சட்டம். அதற்கு முன்பும் வேலை தேடுவோர் விசா இருந்தது. ஆறு மாதம். சம்பாதிக்க வழியில்லை, தகுதிக்கேற்ற வேலையைச் சோதித்துப் பார்க்க வாரத்துக்குப் பத்து மணி நேரம் மட்டும் விட்டார்கள். மற்றபடி கையில் இருக்கும் காசைக் கரைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்ட வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஜூன் 1 முதல், அந்த ஆப்பர்ச்சூனிட்டி கார்டு, ஜெர்மனில் சான்ஸன்கார்டெ, வந்தது. ஒரு வருடம் வரை தங்கலாம். வாரம் 20 மணி நேரம் எந்த வேலையும் செய்யலாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் இரண்டு வாரம் வரை சோதனை வேலை பார்க்கலாம். ஒரு நாடு முன்பின் தெரியாதவனைப் பார்த்து, 'உள்ளே வந்து தேடிக்கொள்' என்று சொல்வது சாதாரணம் இல்லை. அதற்கு நன்றி. இந்த வரியைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்கம். இந்த அட்டைக்கு இரண்டு வழி. உங்கள் பட்டமோ தொழிற்கல்வியோ ஜெர்மன் தகுதிக்குச் சமம் என்று ஏற்கப்பட்டால் புள்ளிக் கணக்கே கிடையாது. அப்படி ஏற்கப்படாவிட்டால், சொந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற பட்டமோ குறைந்தது இரண்டு வருடத் தொழிற்படிப்போ வேண்டும்; ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும்; அதற்கு மேல் ஆறு புள்ளி சேர்க்க வேண்டும். கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு மூன்று. ஜெர்மன் ஏ2வுக்கு ஒன்று, பி1க்கு இரண்டு, பி2வுக்கு மூன்று. 35 வயதைத் தாண்டாதவருக்கு இரண்டு, 40 வரை ஒன்று. ஆள் பற்றாக்குறை உள்ள தொழிலுக்கு ஒன்று. இதைக் கணக்குப் போட்டுச் சொல்லவே லட்சக்கணக்கில் வாங்கும் கன்சல்டன்சிகள் நம் ஊரில் இருக்கின்றன. 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளத்தில் அதே கணக்கை இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம்.

எனக்கு அண்ணா பல்கலைக்கழக மெக்கானிக்கல் பட்டம். பான் நகரில் இருக்கும் வெளிநாட்டுக் கல்வி மதிப்பீட்டு மையத்துக்கு 208 யூரோ கட்டி, பட்டம் ஒப்பிடத்தக்கது என்று தாள் வாங்கினேன். புள்ளி எண்ண வேண்டியிருக்கவில்லை. எண்ண வேண்டியிருந்தது பணத்தைத்தான். முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதம் ஒரு தவணை மட்டும் எடுக்க முடிகிற ஷ்பெர்கோன்டோவில், 2024 கணக்குப்படி மாதத்துக்கு 1,027 யூரோ வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 12,324 யூரோ போட்டேன். அடுத்த வருடமே அது மாதம் 1,091 ஆனது. அன்றைய விலையில் எனக்குச் சுமார் 11 லட்சம் ரூபாய். பதினொரு வருடம் பம்பு வார்ப்படத்தில் நின்று சேர்த்தது பாதி, மனைவியின் நகை மீதி. அப்பா கணக்கைக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, வேலை குடுக்கறதுக்கு அவங்க நமக்குப் பணம் தரோணும். நாம எதுக்கு அவங்களுக்குக் கட்டறோம்?" என்றார். அது நம் பணம்தான், நமக்கே மாதாமாதம் திரும்பி வரும் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது.

நான் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த 2024 அக்டோபரில்தான் அன்றைய சான்சலர் ஒலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்தார். இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000த்திலிருந்து 90,000 ஆக உயர்த்துவோம் என்ற செய்தி எங்கள் வாட்சப் குழுக்களில் எல்லாம் ஓடியது. அந்த 90,000த்தில் நானும் ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் விசா வந்தது. 2025 பிப்ரவரி நடுவில் நெக்கார் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இறங்கினேன். ஊரின் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ சொல்லப்போவதில்லை. அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் எனக்குச் சண்டை இல்லை. என் வழக்கு உங்களோடு.

நீங்கள் கொடுத்த ஒரு வருடம் எப்படிக் கரைந்தது என்று கேளுங்கள்.

முதல் ஏழு வாரம் முகவரிக்குப் போனது. இங்கே குடியிருப்பைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுத்தில் உறுதி தர வேண்டும். வீட்டுக்காரர் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. சம்பளம் தேடித்தான் வந்திருக்கிறேன் என்றால், தேடிக் கிடைத்த பிறகு வாருங்கள் என்றார்கள். கடைசியில் ஓர் ஈழத்துக் குடும்பம் மாடியறையைக் கொடுத்தது. அந்த அக்கா எண்பதுகளில் வந்தவர். "தம்பி, நாங்கள் வரேக்க எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை. உங்களைக் கூப்பிட்டுப் போட்டு இப்பிடிச் செய்யினம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த வித்தியாசத்தை உள்வாங்க எனக்கு நாளாயிற்று. அவர்கள் பட்டதோடு என் பாட்டை ஒப்பிட எனக்கு வாய் வராது. ஆனாலும் அவர் சொன்னது சரி: கூப்பிட்டவர்கள் நீங்கள்.

பிறகு விண்ணப்பங்கள். நூற்று நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். 'லைடர்' என்ற ஜெர்மன் சொல் எனக்குப் பாடமானது அப்படித்தான். வருந்துகிறோம் என்று ஆரம்பிக்கும் எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும். மொழி போதாது என்று வந்தவற்றில் எனக்குக் குறையில்லை. வார்ப்படத்தில் 'கோர் நகர்ந்துவிட்டது' என்று ஒருவன் கத்தினால் எனக்குப் புரிய வேண்டும். இல்லாவிட்டால் யாருக்காவது கால் போகும். நாட்டின் பொருளாதாரம் 2023, 2024 இரண்டு வருடமும் சுருங்கியது, ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கப்போகிறது என்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்தேன். சந்தை கெட்டிருந்தால் அது என் தலையெழுத்து.

என்னைத் தின்றது வேறு. பெரும்பாலான நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: ஜெர்மனியில் வேலை அனுமதி இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்று போட்டால் பொய். எனக்கு இருப்பது 20 மணி நேரம். இல்லை என்று போட்டால் அதுவும் பொய்; வேலை கிடைத்த அன்றே அனுமதி கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. இல்லை என்று போட்ட விண்ணப்பங்களுக்கு இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் யாரும் படித்திருக்க முடியாது. ஆம் என்று போட்ட இடங்களில் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். சான்ஸன்கார்டெ என்று சொன்னதும் மறுமுனையில் ஒரு மௌனம். ஒரு பெண்மணி, அது வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுக்கும் சலுகைச் சீட்டா என்று கேட்டார். இன்னொருவர் நான் அகதியா என்று கேட்டார். நீங்கள் எங்களுக்கு விளம்பரம் செய்த அட்டையை உங்கள் முதலாளிகளுக்கு யாரும் விளம்பரம் செய்யவில்லை.

ஆகஸ்டில் பாதி நாடு விடுமுறையில் இருந்தது. நான் ஒரு கிடங்கில் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தேன். வாரம் 20 மணி நேரம், மணிக்குக் குறைந்தபட்சக் கூலியான 12.82 யூரோ. காசுக்குக் குறையில்லை. இரவில் மகள் வீடியோவில் கேட்பாள், "அப்பா, இன்னிக்கு என்ன பொட்டலம்?" இந்த அட்டையை வைத்துக்கொண்டு மனைவியையும் குழந்தையையும் கூட்டி வரப் பெரும்பாலும் வழியில்லை. விசா போடும்போதே தெரியும். தெரிந்திருந்ததால் கேள்வி லேசாகிவிடவில்லை.

செப்டம்பரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த மடலிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

நூறு பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் பவுண்டரி. பம்பின் உடல், வால்வு உடல் எல்லாம் சாம்பல் வார்ப்பிரும்பில் ஊற்றுகிறார்கள். பீளமேட்டில் என் தாத்தா காலத்திலிருந்து ஊற்றுவதும் அதே சாமான்தான். உள்ளே நுழைந்ததும் வந்த வாடையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூடான மணலும் எரிந்த பிசினும் எந்த நாட்டிலும் ஒரே வாடை. சோதனை வேலை இரண்டு வாரம். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, கழித்துப்போட்ட உருப்படிகளில் ஒன்றை அறுத்து வைத்திருந்தார்கள். உள்சுவரை ஒட்டி வழவழப்பான ஓட்டைகள். உலோகத்தில் குறை என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மேஸ்திரியிடம், அறுபது வயதை நெருங்கும் மனிதர், எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "இரும்பு நல்லது. கோர் ஈரம். காற்றுக்கு வழி இல்லை." மூன்று வாக்கியம், இலக்கணம் மூன்றிலும் தவறு. அவர் என்னைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், நேராகக் கோர் அடிக்கும் இடத்துக்கு நடந்தார். பூச்சு காயும் நேரத்தை யாரோ குறைத்திருந்தார்கள். கோரில் குத்த வேண்டிய காற்றுத்துளைகள் இரண்டு பூச்சால் அடைபட்டிருந்தன. வியாழக்கிழமை ஊற்றிய உருப்படிகள் சுத்தமாக வந்தன. வெள்ளிக்கிழமை மேஸ்திரி தன் ரொட்டியில் பாதியை என்னிடம் நீட்டினார். உள்ளே பன்றி இறைச்சி. சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

சட்டம் வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தாளில் பார்த்திருந்தால் அந்த நிறுவனம் என்னைக் கூப்பிட்டே இருக்காது. இரண்டு வாரம் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடத்துக்கு 46,000 யூரோ. பொறியாளர் போன்ற பற்றாக்குறைத் தொழில்களுக்கு 2025இல் நீல அட்டைக்கு (படித்த வெளிநாட்டுத் திறன்பணியாளருக்கான வேலை அனுமதி) தேவையான 43,759.80 யூரோவைவிட அதிகம். நவம்பர் 1 முதல் முழுநேரம் என்று எழுதினார்கள். அன்று இரவு மனைவி நகைக்கடை ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதம் எதை மீட்கலாம் என்று பட்டியல் போட்டாள்.

அக்டோபர் 13 திங்கட்கிழமை. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எல்லாத் தாள்களோடும் இணையத்தில் விண்ணப்பித்தேன். விண்ணப்பம் கிடைத்தது, திரும்பத் திரும்பக் கேட்டால் இன்னும் தாமதமாகும் என்று தானாக வரும் பதில் வந்தது. நவம்பர் 1 போனது. முதலாளி நல்ல மனிதர். அதுவரை 20 மணி நேரம் வா, பாதிச் சம்பளம் தருகிறேன் என்றார். அன்றிலிருந்துதான் இந்த அரை நாள் பிழைப்பு. டிசம்பரில் பவுண்டரியின் ஆளெடுப்புப் பொறுப்பாளர் அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடிக்க ஒரு முழுக் காலை செலவழித்தார். வரிசையில் இருக்கிறது என்றார்கள்.

வீட்டிலிருந்து மனைவி தினமும், "ஏனுங்க, அந்த ஆபீஸ்ல இருந்து ஏதாச்சும் வந்துதுங்களா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லும் விதங்களில் எனக்கு இப்போது சி2 நிலை.

இனிமேல்தான் கதையே. அக்டோபரில், ஒப்பந்தம் போட்ட வாரமே, இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்றார் முதலாளி. உன் மாதிரி யாராவது தெரியுமா? தெரியும் என்றேன். அரசூர் பக்கம் ஒரே பவுண்டரியில் என்னோடு ஆறு வருடம் நின்ற நண்பன். என்னைப் பார்த்து அவனும் பான் தாளை முன்பே வாங்கி வைத்திருந்தான்; முடக்கக் கணக்குக்குத்தான் பணம் புரளவில்லை. இரண்டு வீடியோ நேர்காணல், வேலை உறுதியானது. அவனுக்காகப் பவுண்டரி 411 யூரோ கட்டியது. இது உங்கள் குடியேற்றச் சட்டத்தின் 81ஏ பிரிவு: விரைவு நடைமுறை. அதில் வேலைவாய்ப்பு முகமை ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகவே கணக்கு. முன்னொப்புதல் கிடைத்ததும் தூதரகம் மூன்று வாரத்துக்குள் நேர்காணல் தேதி தர வேண்டும். முழு விண்ணப்பம் சேர்ந்த பிறகு, பொதுவாக மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு மைய அலுவலகம் வைக்க வேண்டும் என்று 71ஆம் பிரிவில் எழுதியிருக்கிறீர்கள்.

ஜனவரி 3, சனிக்கிழமை, அவனை ரயில் நிலையத்தில் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆறாம் தேதி இந்த மாநிலத்தில் மூன்று ராஜாக்கள் பண்டிகை விடுமுறை. ஏழாம் தேதி காலை ஆறு மணிக்கு இருவரும் சேர்ந்து உள்ளே போனோம். பத்து மணிக்கு நான் கையுறையைக் கழற்றினேன். அவன் கழற்றவில்லை. "எங்கடா கிளம்பிட்டே?" என்றான். பத்தரைக்கு அவன் இரும்பு ஊற்றுவதைப் பார்த்தான்.

அவன் வந்ததில் எனக்கு வருத்தமா என்று கேட்டால், நான்தானே பரிந்துரை செய்தேன். ராத்திரி அவன் செய்த ரசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரே பட்டம், ஒரே தொழில், ஒரே முதலாளி. ஒருவன் 11 லட்சத்தை முடக்கி, குளிரில் இறங்கி, மொழி படித்து, பொட்டலம் பிரித்து, தன் கையால் வேலையைக் காட்டி ஒப்பந்தம் வாங்கினான். இன்னொருவன் கோயம்புத்தூரில் வீட்டில் இருந்தபடி ஒப்பந்தம் வாங்கினான். உங்கள் வேகத் தடம் இரண்டாமவனுக்கு மட்டும் திறந்திருக்கிறது. ஏனென்றால் 81ஏ பிரிவு, ஜெர்மனிக்குள் 'நுழைய விரும்பும்' வெளிநாட்டவருக்காக முதலாளி விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறது. நான் நுழைந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதலாளி என்னிடம் வேடிக்கையாகச் சொன்னார்: நீ ஊருக்குத் திரும்பிப் போ, 411 யூரோ கட்டி உன்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன். பயணச் சீட்டு விலையைப் பார்த்தேன். அது வேடிக்கை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையிலேயே அது குறுக்குவழி.

உங்களில் சட்டம் படித்தவர்கள் 81ஆம் பிரிவின் 5ஏ உட்பிரிவைக் காட்டக்கூடும். புதிய அட்டை கைக்கு வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்யலாம் என்று அங்கே இருக்கிறது. உண்மைதான். ஆனால் எப்போதிலிருந்து? அட்டையை அச்சடிக்கச் சொல்லி உத்தரவு போன நாளிலிருந்து. அதாவது கோப்பை ஒருவர் திறந்து, படித்து, சரி என்று முடிவெடுத்த பிறகு. என் கோப்பு இன்னும் திறக்கப்படவில்லை. அச்சகத்தில் ஆகும் தாமதத்துக்கு மருந்து வைத்திருக்கிறீர்கள். நோய் வரிசையில் இருக்கிறது.

பிப்ரவரி நடுவில் என் அட்டை காலாவதியாகிறது. அதற்காக என்னைத் துரத்த மாட்டார்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பழைய அட்டை உயிரோடு இருப்பதாகவே சட்டம் பாவிக்கும். ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு தாள் தருவார்கள். புனைவுச் சான்றிதழ் என்று தமிழில் சொல்லலாம், நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் புனைவிலும் நான் 20 மணி நேரத்து ஆள்தான். முடக்கக் கணக்கின் கடைசித் தவணை இந்த மாதம் எடுத்தாகிவிட்டது.

ஆகவே நான் கேட்பது இரண்டு திருத்தம்.

81ஏ பிரிவில், நுழைய விரும்புகிறவர் என்ற இடத்துக்குப் பக்கத்தில், 20ஏ பிரிவின்படி, அதாவது இந்த அட்டையோடு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் என்றும் சேருங்கள். 411 யூரோவை முதலாளி கட்டத் தயார். பவுண்டரி முதலாளி எனக்கு அதை எழுதியே கொடுத்திருக்கிறார். தூதரகத்துக்குப் போக வேண்டிய ஆறு வாரமும் எங்கள் விஷயத்தில் மிச்சம். கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் முதல் விசாவின்போதே எடுத்தது.

81ஆம் பிரிவின் 5ஏ உட்பிரிவில், அச்சுக்குப் போன நாள் என்பதை வேலைவாய்ப்பு முகமை ஒப்புக்கொண்ட நாள் என்று முன்னே தள்ளுங்கள். முகமையின் ஒப்புதலே தேவைப்படாத சம்பளத்தில் இருப்பவர்களுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்தே கொடுங்கள். நாளைக்கே ஒருவன் போலி ஒப்பந்தத்தோடு வந்து முழுநேரம் வேலை செய்தால் என்ன ஆவது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் சம்பளம் சரியா, வேலை நேரம் சரியா, நிறுவனம் உண்மையா என்று பார்ப்பதுதான் முகமையின் வேலை. அவர்கள் பார்த்து முடித்த பிறகும் என்னைப் பத்து மணிக்கு வெளியே அனுப்புவதால் யார் காப்பாற்றப்படுகிறார்கள்? வரிக் கணக்கைப் பார்த்தால், நீங்கள்தான் பாதியை இழக்கிறீர்கள்.

அந்த வருடத்தைப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதமாக்கச் சொல்லியும் கேட்டிருக்கலாம். என் நண்பர்கள் சிலர் அதைத்தான் எழுதச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருக்க இன்னும் ஆறு மாதம் கொடுத்தால், வரிசையும் ஆறு மாதம் நீளும். முடக்கக் கணக்கிலும் ஆறாயிரம் யூரோ கூடும். வேலை தேட எனக்கு எட்டு மாதம் போதுமானதாக இருந்தது. போதாமல் போனது, கிடைத்த வேலையைச் செய்வதற்கு.

இப்போதைய கூட்டணி ஒப்பந்தத்தில் 'வொர்க் அண்ட் ஸ்டே' என்ற பெயரில் திறன்பணியாளர்களுக்கான எண்மிய முகமை அமைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே இடத்தில் என்ற எண்ணம் நல்லது. கட்டிடம், மென்பொருள், மாநிலங்களோடு பேச்சு என்று அது எழும்பட்டும். நான் கேட்கும் இரண்டு திருத்தங்களுக்கும் கட்டிடம் தேவையில்லை.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் உண்மையான தொழிலும், ஒரு வருடம் தாங்கும் காசும், பி1 ஜெர்மனும் இருந்தால் வாருங்கள். ஏ1 போதும் என்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் ஊரில் இருந்தே வேலை வாங்க ஒரு வழி தெரிந்தால், அங்கிருந்தே முயலுங்கள். உள்ளே வந்து தேடுவதைவிட அது வேகம் என்று சொல்வதற்கு எனக்கே சங்கடமாக இருக்கிறது. சட்டம் இன்று இருக்கும் நிலையில் உண்மை அதுதான்.

மாண்புமிகு உறுப்பினர்களே, உங்களில் யாராவது நெக்கார் பக்கம் வந்தால் பவுண்டரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். மேஸ்திரி சம்மதித்துவிட்டார். இரும்பு ஊற்றுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் பத்தரைக்கு மேல் வாருங்கள். அப்போது நான் இருக்க மாட்டேன். என் நண்பன் விளக்குவான். அவனுக்கு ஜெர்மன் இன்னும் ஏ1தான்.

இப்படிக்கு,
நெக்கார் கரையிலிருந்து ஒரு கோயம்புத்தூர் வார்ப்படக்காரன்
ஜனவரி 2026